ஓசையுமில்லை, சத்தமுமில்லை: அது இரைச்சல்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துக் கூலாய் வட்டாரத்துத் தமிழ்ப் பிள்ளைகளின் அறிவியல் குறிப்புகளில் ‘வெப்ப ஓசை’ என்று ஒரு சொல் உலவுகிறது. கூடவே ‘வெள்ளைச் சத்தம்’, ‘சமிக்ஞை–சத்த விகிதம்’. எல்லாம் நாய்ஸ் என்ற ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு வந்த பெயர்ப்புகள். எங்கோ ஒரு தாளில் என்றால் விட்டுவிடலாம். டியூஷன், பட்டறை, கோயில் மண்டபத்தில் நடக்கும் வழிகாட்டி வகுப்பு என்று எங்கே போனாலும் இதே பாட்டுத்தான்.

மின்னணுத் தொடர்பில் நாய்ஸ் என்பது, அனுப்பிய குறிகையோடு (சமிக்ஞை, அதாவது சிக்னல்) வழியிலோ கருவிக்குள்ளோ வந்து கலக்கும் ஒழுங்கற்ற, வேண்டாத மின்னசைவு. அது காதில் விழவேண்டும் என்பதில்லை. பழைய டிவியில் நிலையம் கிடைக்காதபோது கொதித்த புள்ளிக் கூட்டமும் அதுதான். இருட்டில் எடுத்த கைப்பேசிப் படம் மணல் மணலாகத் தெரிவதும் அதுதான். ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது, அங்கே அதற்குச் சச்சரவு, அமளி என்று பொருள். அதற்கும் மூலம், கப்பல் குமட்டலைக் குறித்த நாசியா என்ற லத்தீன் சொல் என்பது பரவலான கருத்து.

இப்போது ஓசைக்கு வருவோம். தமிழ் யாப்பில் ஓசை என்பது ஒழுங்கின் பெயர். வெண்பாவுக்குச் செப்பலோசை, ஆசிரியப்பாவுக்கு அகவலோசை, கலிப்பாவுக்குத் துள்ளலோசை, வஞ்சிப்பாவுக்குத் தூங்கலோசை. தளை தட்டினால் ஓசை கெட்டது என்கிறோம். ஒழுங்கே இல்லாத ஒன்றுக்கு இந்தப் பெயரைச் சூட்டுபவர் யாப்பையும் படிக்கவில்லை, இயற்பியலையும் படிக்கவில்லை. அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டியிருக்கிறார், அவ்வளவுதான்.

சத்தம் இன்னும் மோசம். அது சப்தத்தின் திரிபு, வடசொல் என்பதற்காகச் சொல்லவில்லை. அந்தச் சண்டையை வேறு யாராவது போடட்டும். (வண்டிக்கூலியைக்கூட வண்டிச்சத்தம் என்பார்கள், அதையும் விட்டுவிடுவோம்.) என் புகார் தெளிவைப் பற்றியது. ‘சத்தத்தைக் குறை’ என்றால் தமிழ்ப் பிள்ளை வானொலியின் குமிழைத்தான் திருகும். குமிழைத் திருகினால் பாட்டும் சேர்ந்து குறையும், விகிதம் அப்படியே இருக்கும். பெருக்கியைப் போட்டாலும் இதே கதைதான்: குறிகையோடு கசடும் பெருகும், போதாததற்குப் பெருக்கி தன் பங்கையும் சேர்க்கும். 1948இல் தகவல் கோட்பாட்டை வகுத்த ஷேனன் காட்டியதும் இதையொட்டியதுதான். ஒரு தடத்தில் பிழையின்றி எவ்வளவு தகவல் போகும் என்பதைத் தீர்மானிப்பவை அலைப்பட்டையின் அகலமும் குறிகைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதமும். இந்த விகிதம் 20 டெசிபல் என்றால் குறிகையின் திறன் நூறு மடங்கு. ‘சத்த விகிதம்’ என்று படித்த பிள்ளைக்கு டெசிபல் என்றதும் திருவிழா ஒலிபெருக்கிதான் நினைவுக்கு வரும்.

இரைச்சல் என்ற சொல்லைப் பாருங்கள். வினை இரை. கடல் இரைகிறது, மூச்சு இரைக்கிறது. சல் ஈறு சேர்ந்து பெயரானது. காய்ச்சல், எரிச்சல், குடைச்சல் என்று அந்த வரிசையில் தொல்லைகளே அதிகம் என்பது ஒரு வசதி. தகரக் கூரையில் மழை கொட்டும்போது லயத்து வீட்டில் எதிரே இருப்பவர் பேசுவது புரியாது; பேச்சு எங்கும் போய்விடவில்லை, மேலே ஒன்று விழுந்து மூடிவிட்டது. அதை யாரும் மழை ஓசை என்று சொல்லி ரசித்துக்கொண்டிருப்பதில்லை.

இதைவிட வலுவான சான்று காது இரைச்சல். வெளியே எதுவும் ஒலிக்காது. கேட்கும் காதே உண்டாக்கிக்கொள்வது. வெப்ப இரைச்சல் அச்சாக இதுதான். கடத்தியில் எலெக்ட்ரான்கள் வெப்பத்தால் ஓயாமல் அலைகின்றன. ஆண்டெனாவைக் கழற்றினாலும் வாங்கியின் (ரிசீவர்) உள்ளே இரையும். பெல் ஆய்வகத்தில் ஜான்சன் அளந்ததையும் நைக்விஸ்ட் விளக்கியதையும் 1928இல் வெளியிட்டார்கள். வெப்பநிலையும் பட்டை அகலமும் கூடினால் இதுவும் கூடும். வானொலித் தொலைநோக்கிகளின் வாங்கிகளை உறைகுளிரில் வைப்பது இதனால்தான்.

ஷாட் நாய்ஸுக்குச் ‘சுடு சத்தம்’ என்று இன்னொரு கொடுமை. 1918இல் ஷாட்கி விளக்கிய இந்த வகை, மின்னோட்டம் நீர்போல ஒழுகாமல் எலெக்ட்ரான் எலெக்ட்ரானாகத் தாறுமாறான இடைவெளியில் வந்து விழுவதால் உண்டாவது. ஜெர்மன் மூலச்சொல் வேட்டைத் துப்பாக்கியின் சிறு ஈயக் குண்டுகளைச் சொல்கிறது. அவற்றுக்குத் தமிழில் ரவை என்று பெயர் இருக்கிறது. ரவை இரைச்சல் என்று சொல்லிப் பாருங்கள். உப்புமா நினைவுக்கு வந்தாலும் கெட்டுப்போகவில்லை, அதுவும் மணி மணியானதுதான்.

வெளியிலிருந்து வருவனவற்றுக்குத் தகராறு குறைவு. ஜொகூரில் மாலை இடி இறங்கும்போது மத்திய அலையில் கரகரப்பது வளிமண்டல இரைச்சல். செம்பனைத் தோட்டத்துப் புல்வெட்டும் எந்திரத்தின் பொறி செய்வது மனிதர் உண்டாக்கும் இரைச்சல். பால்வெளியிலிருந்து வருவதை 1930களின் தொடக்கத்தில் ஜான்ஸ்கி கண்டுபிடித்தார், அது விண்ணிரைச்சல்.

மலாய்க்காரர்கள் இந்தக் குழப்பத்தில் சிக்கவில்லை. அன்றாட ஆரவாரத்துக்கு பீசிங், பொறியியலில் ஹிங்கார். இடைநிலைப்பள்ளியில் மலாயில் படித்துவிட்டு வரும் நம் பிள்ளைகளுக்கு ஹிங்கார் தெரிகிறது, தமிழில் கேட்டால்தான் சத்தம் என்கிறார்கள். தமிழ்நாட்டுப் பாடநூல் இரைச்சல் என்றே எழுதுகிறது. இங்கே அதைத் திறந்து பார்க்கச் சோம்பல். கணினி மொழிபெயர்ப்பு துப்பியதை அப்படியே நகலெடுத்து ஒட்டுகிறார்கள்.

இன்னொன்று. சிங்கப்பூரின் ஒலி 96.8 வானொலியைக் கேட்கும்போது வேறொரு நிலையத்தின் பாட்டு மேலே ஏறினால் அதையும் இரைச்சல் கணக்கில் சேர்க்காதீர்கள். அது ஒழுங்குள்ள இன்னொரு குறிகை, அதற்குப் பெயர் குறுக்கீடு. இரைச்சலைக் குறைக்கும் வழி வேறு, குறுக்கீட்டைத் தவிர்க்கும் வழி வேறு. நிலையங்களுக்கு அலைவரிசைகளை இடைவெளி விட்டுப் பங்கிடுவது குறுக்கீட்டுக்காக. வெப்ப இரைச்சலை அது தொடாது.