கை விளங்காமல் போவது எப்படி?

பாம்பனில் தென்கடலுக்குத் தொழிலுக்குப் போகும் ஒருவரை எடுத்துக்காட்டுக்காகக் கற்பனை செய்துகொள்வோம். முப்பது வயது, தகப்பன் இல்லை, அண்ணனுடைய நாட்டுப்படகில் பங்குக்குப் போகிறார். ஒருநாள் மாலை மீன் விற்ற கணக்கில் தகராறு வருகிறது. அண்ணன் நாலு பேர் முன்னிலையில் சொல்லக் கூடாத சொல் ஒன்றைச் சொல்லிவிடுகிறார். தம்பியின் வலது கை மேலே எழுகிறது. எழுந்த கை பாதியில் நிற்கிறது. எதுவும் பேசாமல் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுகிறார். விடியுமுன் கடலுக்குப் போக எழுந்தால் வலது கை மணிக்கட்டுக்குக் கீழே அசையவில்லை, தொட்டாலும் உணர்வு இல்லை.

இராமநாதபுரம் கடற்கரையில் இதற்கு உடனே கிடைக்கும் விளக்கம், யாரோ கையைக் ‘கட்டிவிட்டார்கள்’ என்பதுதான். மந்திரிக்கச் சொல்பவர்கள் இருப்பார்கள். மனநோயாளிகளைக் கொண்டுபோய் விடும் ஏர்வாடி தர்காவுக்கு அழைத்துப் போகச் சொல்பவர்களும் இருப்பார்கள். ஆனால் கையோ காலோ திடீரென்று விளங்காமல் போனால் முதலில் போகவேண்டிய இடம் மருத்துவமனைதான். அது பக்கவாதமாக இருந்தால் தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் மூளைக்குச் சேதம். நம்முடைய கற்பனை மனிதருக்கு அந்தப் பரிசோதனைகள் எல்லாம் முடிந்து, மூளையிலும் கழுத்திலும் பழுது எதுவும் இல்லை என்று தெரிந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம்.

இனி மருத்துவர் ஒரு குண்டூசியை எடுத்துக்கொண்டு விரல் நுனியிலிருந்து மேல்நோக்கி மெதுவாகக் குத்திப் பார்க்கிறார். விரல்கள், உள்ளங்கை, புறங்கை எங்கும் உணர்வில்லை. மணிக்கட்டைத் தாண்டியதும் ‘ஆ’ என்கிறார் நோயாளி. வளையல் போட்டது போல, மணிக்கட்டைச் சுற்றி ஒரே கோடாக மரத்துப்போன பகுதி முடிந்துவிடுகிறது. நரம்புகளோ கையை இப்படிப் பங்கு போட்டுக்கொள்வதில்லை. சுண்டுவிரலும் மோதிரவிரலின் ஒரு பாதியும் ஒரு நரம்பைச் சேர்ந்தவை; கட்டைவிரல் முதல் மோதிரவிரலின் மறுபாதி வரை உள்ளங்கைப் பக்கம் வேறொரு நரம்பைச் சேர்ந்தது; புறங்கையின் பெரும்பகுதி மூன்றாவது நரம்பைச் சேர்ந்தது. எந்த ஒரு நரம்பு கெட்டாலும் கையுறை அளவில், அதுவும் ஒரே கையில், உணர்வு போகாது. (நீரிழிவிலும் கையுறை போல மரத்துப்போவது உண்டு, ஆனால் அது பெரும்பாலும் கால்களில் தொடங்கி, மெல்ல மெல்ல வந்து, இரு பக்கமும் பரவும்.)

அப்படியானால் இந்த ஊனம் எந்த வரைபடத்தைப் பின்பற்றுகிறது? பேச்சின் வழியாக மனத்தின் ஆழத்தை ஆராயும் உளப்பகுப்பாய்வு முறையைப் பின்னாளில் உருவாக்கிய சிக்மண்ட் ஃப்ராய்ட், அந்தச் சொல்லே பிறப்பதற்கு முன்னால், வெறும் நரம்பியல் மருத்துவராக இருந்த காலத்தில் எதிர்கொண்ட கேள்வி இது. 1885-இல் அவர் பாரிஸ் நகரில் சார்க்கோ என்ற பேராசிரியரிடம் சில மாதங்கள் படித்தார். மனவசியத்தில் சொல்லால் மட்டுமே கையை முடக்கிக் காட்டுவார் சார்க்கோ. அந்த முடக்கமும் விபத்துக்குப் பிறகு சிலருக்கு வரும் முடக்கமும் ஒன்றுபோலவே இருந்தன. உடலில் பழுதில்லாமல் வரும் இத்தகைய முடக்கத்துக்கு அன்று ஹிஸ்டீரியா என்று பெயர். 1893-இல் பிரெஞ்சு மொழியில் எழுதிய ஒரு கட்டுரையில் ஃப்ராய்ட் தம் முடிவைச் சொன்னார்: ஹிஸ்டீரியா, உடற்கூறியல் என்று ஒன்று இருப்பதையே அறியாதது போல நடந்துகொள்கிறது. பாமரர்கள் பேச்சில் ‘கை’ என்று எதைச் சொல்கிறார்களோ அதுதான் முடங்குகிறது.

தமிழில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். கை கழுவும்போது மணிக்கட்டோடு நிற்கும் ‘கை’, சட்டைக்குக் கை தைக்கும்போது தோள் வரை போகிறது. நரம்புக்கு இந்த எல்லைகள் தெரியாது, பேசுகிறவருக்குத்தான் தெரியும். ஆகவே முடங்கியிருப்பது நரம்பின் கை அன்று, நினைப்பின் கை. ஒரு நினைப்பு முடங்க முடியுமா என்ற கேள்வியிலிருந்துதான் உளப்பகுப்பாய்வு முழுவதும் கிளைத்தது என்பது என் கருத்து. கனவு, பாலியல் என்று இன்று பேசப்படுபவை எல்லாம் இதற்குப் பிறகு வந்தவை.

அடுத்த தடயமும் ஒரு வலது கைதான். வியன்னாவில் யோசெஃப் பிராயர் என்ற மருத்துவரிடம் 1880 முதல் 1882 வரை சிகிச்சை பெற்ற இளம்பெண், ‘அன்னா ஓ.’ என்ற புனைபெயரில் நூல்களில் வருபவர். உண்மைப் பெயர் பெர்த்தா பாப்பன்ஹைம். 1880 ஜூலையில் ஓர் இரவு, நோயுற்ற தந்தையின் கட்டிலருகே அவர் கண்விழித்துக் காத்திருந்தார். வலது கை நாற்காலியின் முதுகில் தொங்கியபடி மரத்துப்போயிருந்தது. அரைத்தூக்கத்தில், சுவரிலிருந்து ஒரு கரும்பாம்பு இறங்கித் தந்தையைக் கடிக்க வருவதாகத் தோன்றியது. விரட்டக் கையைத் தூக்கினால் கை எழவில்லை. பார்த்தால் விரல்களே சிறு பாம்புகளாக மாறியிருந்தன. பிற்பாடு அந்தக் கை முடங்கியது. அந்த இரவின் காட்சியை அவர் பிராயரிடம் முழுமையாகச் சொல்லித் தீர்த்தபோது முடக்கம் விலகியதாக 1895-இல் பிராயரும் ஃப்ராய்டும் சேர்ந்து எழுதினார்கள். இதற்குப் ‘பேச்சு வைத்தியம்’ என்று பெயர் வைத்தவர் மருத்துவர் அல்லர், நோயாளியே. ஆனால் கதை அவ்வளவு சுத்தமாக முடியவில்லை. 1882 ஜூலையிலேயே அவர் சுவிட்சர்லாந்தில் ஒரு மனநல விடுதியில் சேர்க்கப்பட்டார். பல ஆண்டுகளுக்குப் பின்தான் தேறி, 1904-இல் ஜெர்மனியில் யூதப் பெண்களுக்கான ஓர் அமைப்பைத் தொடங்கிப் பெயர் பெற்ற சமூகப் பணியாளரானார்.

பாம்பன்காரரிடம் திரும்புவோம். மருத்துவர் அண்ணனைப் பற்றிக் கேட்டால், “அண்ணன் மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல சார், அவரு எனக்கு அப்பா மாதிரி” என்பார். பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். 1923-இல் ஃப்ராய்ட் வகுத்த மனத்தின் மூன்று கூறுகள் இங்கே உதவும். ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர்கள் இட், ஈகோ, சூப்பர் ஈகோ என்று லத்தீனில் பெயர் சூட்டியதால் இவை மருந்துச் சீட்டுப் பெயர்கள் போல ஒலிக்கின்றன; ஃப்ராய்ட் ஜெர்மன் மொழியில் எழுதியது ‘அது’, ‘நான்’, ‘மேல்-நான்’ என்ற அன்றாடச் சொற்களைத்தான். ‘என்னை மீறிக் கை ஓங்கிவிட்டது’ என்று நாம் சொல்லும்போது, ஓங்கியது ‘அது’. அப்பா இடத்தில் இருப்பவரை அடிக்கலாமா என்று கண்டிப்பது ‘மேல்-நான்’. பெற்றோரின் குரல் உள்ளே குடியேறி நிலைத்துவிட்ட பகுதி. இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு, வெளியுலகத்தையும் சமாளிக்க வேண்டியது ‘நான்’.

இந்த ‘நான்’ செய்யும் வேலைக்கு ஒடுக்குதல் என்று பெயர். அடக்குதலிலிருந்து இது வேறு: பல்லைக் கடித்துக் கோபத்தை விழுங்குபவருக்குத் தாம் விழுங்குவது தெரியும், ஒடுக்குபவருக்கோ கோபம் வந்ததே தெரியாது. ஒடுக்குதலை எது தூண்டுகிறது என்பதில் ஃப்ராய்ட் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். ஒடுக்கப்பட்ட ஆற்றல்தான் பதற்றமாக மாறுகிறது என்று முதலில் நினைத்தவர், 1926-இல் அதைத் தலைகீழாக்கி, பதற்றம் ஒரு முன்னறிவிப்பு, அதைக் கண்டுதான் மனம் ஒடுக்குகிறது என்றார். பாம்பன் துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டை நினைத்துக்கொள்ளலாம். கூண்டு புயலன்று, கூண்டைப் பார்த்தே படகுகள் கரை ஒதுங்கிவிடுகின்றன. கோபம் என்ற புயல் நனவுக்குள் வருமுன்பே மெல்லிய பதற்றம் ஒன்று கூண்டேற்றுகிறது, நனவு கரையொதுங்கிவிடுகிறது.

ஒடுக்கப்பட்டது ஓய்வதில்லை, வேறு வாசல் தேடுகிறது. அந்த வாசலில் நடக்கும் சமரசம்தான் நோய்க்குறி. முடங்கிய கையைப் பாருங்கள்: அடிக்கத் துடித்தது அந்தக் கை என்று அது காட்டிக்கொடுக்கிறது, இனி அடிக்கவே முடியாதபடி தடுக்கிறது, ஓங்கிய குற்றத்துக்குத் தண்டனையும் தருகிறது. உட்போர் இப்படித் தீர்வதை முதல்நிலை ஆதாயம் என்பார்கள். அண்ணனின் படகில் ஏற வேண்டியதில்லை, அம்மா சோறு பிசைந்து ஊட்டுகிறாள் என்பவை பிறகு வந்து சேரும் இரண்டாம்நிலை ஆதாயம். இவற்றைக் கண்டுதான் ஊரார் ‘நடிப்பு’ என்கிறார்கள். நடிப்பவருக்குத் தாம் நடிப்பது தெரியும், இவருக்குத் தெரியாது. அந்த ஒரு வேறுபாடு போதும், இரண்டையும் பிரிக்க.

உடல் எந்த மொழியில் பேசுகிறது என்பதற்கும் ஒரு குறிப்பு உண்டு. ஃப்ராய்டின் நோயாளி ஒருவர் தீராத முக வலியோடு வந்தார். கணவர் சொன்ன ஒரு சொல்லை நினைவுகூர்ந்தபோது, கன்னத்தில் அறைந்தது போல இருந்தது என்று சொல்லிக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். நமக்கும் முகத்தில் அறைந்த மாதிரி இருக்கும், நெஞ்சை அடைக்கும், வயிறு எரியும், கையும் ஓடாது காலும் ஓடாது. மரபுத்தொடர் உடலில் அப்படியே நடந்தேறுவதுதான் ஹிஸ்டீரியா என்று பார்த்தால், ‘கையைக் கட்டிவிட்டார்கள்’ என்ற ஊர்ப்பேச்சு பாதி சரியானதே. கட்டியது வெளியாள் என்பது மட்டும்தான் பிழை.

இந்த விளக்கம் எல்லா மனநோய்க்கும் பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். காரணமற்ற அச்சம், ஓயாமல் கை கழுவுதல் போன்றவற்றுக்கு ஃப்ராய்ட் இதே வழியில் விளக்கம் தந்தார். மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) போன்ற கடும் நோய்களுக்குத் தம் முறை உதவாது என்று அவரே கருதினார். பின்வந்த சிலர் அந்த எச்சரிக்கையை மறந்து, பிள்ளையின் மனச்சிதைவுக்குத் தாயின் வளர்ப்பே காரணம் என்று 1940-களில் எழுதத் தொடங்கினார்கள். உளப்பகுப்பாய்வு இழைத்த கொடிய தவறு அதுதான். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தின் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட முடியாமல் கருகினர். இறந்தோர் 28 பேர். கடும் மனநோய்க்கு வேண்டியது மருந்தும் பராமரிப்பும். பேயோட்டுதலும் தீர்வன்று, குழந்தைப்பருவ ஆராய்ச்சியும் தீர்வன்று. மனநோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அறவே தடை செய்கிறது.

கை முடக்கத்திலேயே கூட ஃப்ராய்டின் பிடி தளர்ந்துவிட்டது. நோயாளிகள் பலரிடம் அப்படியொரு மனப்போராட்டம் எதையும் கண்டறிய முடிவதில்லை. அமெரிக்க மனநல மருத்துவர்களின் வகைப்பாட்டு நூல் 2013-இல், இந்நோயை உறுதிசெய்ய மனக்காரணம் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையையே நீக்கிவிட்டது. இப்போது நோயை உறுதிசெய்வது உடலில் தெரியும் அடையாளங்களைக் கொண்டுதான். 1908-இல் ஹூவர் என்ற மருத்துவர் காட்டிய சோதனை இன்றும் நடக்கிறது: விளங்காத காலின் குதிகாலுக்கு அடியில் மருத்துவர் கையை வைத்து, மறுகாலை எதிர்ப்புக்கு எதிராகத் தூக்கச் சொல்வார்; சொன்னால் அழுந்தாத கால், கவனம் மறுகாலுக்குப் போனதும் தானாக அழுந்தும். பொய்யைப் பிடிக்க அன்று, ‘பாருங்கள், பாதை அறுந்துபோகவில்லை’ என்று நோயாளிக்கே காட்ட இதைப் பயன்படுத்துகிறார்கள்.

கைக்கும் வழி அதுவே. இயன்முறை மருத்துவர், விரலை மடக்கு என்று நம் பாம்பன்காரரிடம் சொல்லமாட்டார். கிழிந்த வலை ஒன்றை மடியில் போட்டு, வலை பின்னும் ஊசியைப் பக்கத்தில் வைத்து, இந்தக் கண்ணி என்ன மீனுக்கு, கச்சான் காற்று வீசும் காலத்தில் இதை எங்கே விடுவீர்கள் என்று பேச்சுக் கொடுப்பார். அவர் இடது கையால் காட்டிக் காட்டி விளக்கிக்கொண்டிருக்கும்போது, நழுவும் நூலை வலது கையின் இரண்டு விரல்கள் பிடித்துக்கொண்டிருக்கும்.