சரக்குக் கூலியைத் தீர்மானிப்பது நிறையா, இடமா?

திருகோணமலைத் துறைமுகத்தில் வந்திறங்கும் கோதுமையும், அங்கிருந்து ஏற்றுமதியாகும் புல்மோட்டை இல்மனைட் மணலும் கப்பலின் கிடங்கில் ஒரே மாதிரி இடம் பிடிப்பவையல்ல. ஒரு தொன் கோதுமைக்கு ஏறக்குறைய 1.3 கன மீற்றர் இடம் வேண்டும். ஒரு தொன் இல்மனைட்டுக்கோ ஏறக்குறைய 0.4 கன மீற்றர் போதும். கிடங்கு நிரம்பும்வரை இல்மனைட்டைக் கொட்டினால் கப்பல் தாங்காது. முதலில் தீர்ந்துபோவது இடமா, தாங்கும் திறனா என்ற இந்தக் கேள்வியிலிருந்துதான் சரக்குக் கூலிக் கணக்கு பிறக்கிறது.

பிறருடைய சரக்குகளோடு சேர்த்து ஒரு கொள்கலனில் பெட்டி அனுப்புவோருக்கும் இதே கேள்விதான். கடல்வழியில் பொதுவாக ஒரு கன மீற்றரும் 1000 கிலோகிராமும் சமமாகக் கொள்ளப்பட்டு, இரண்டில் எது கூடுதலோ அதற்கே கூலி அறவிடப்படுகிறது. விமானத்தில் இடம் அருமையானது என்பதால், அங்கே ஒரு கன மீற்றர் ஏறக்குறைய 167 கிலோகிராமுக்குச் சமம். நீள, அகல, உயரங்களைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 6000 ஆல் வகுத்தால் வருவது அந்த நிறையே. கூரியர் நிறுவனங்கள் பல 5000 ஆல் வகுப்பதால் அவர்களிடம் கணக்கு இன்னும் கூடும்.

கனடாவிலிருக்கும் தங்கைக்குப் பனையோலைப் பொருட்களை அனுப்ப நான் கட்டிய பெட்டி 60 × 45 × 40 சென்ரிமீற்றர். அதன் கனவளவு 0.108 கன மீற்றர். தராசில் 7 கிலோகிராம் காட்டினாலும் விமானக் கணக்கில் அது 18 கிலோகிராம். அதிலும் நான் ஓலைப்பெட்டிகளை அழுத்தித் திணித்திருந்ததால் பக்கங்கள் புடைத்து, ஒவ்வோர் அளவும் 3 சென்ரிமீற்றர் கூடியிருந்தது. அளப்பவர் நாடாவைப் பிடிப்பது அட்டையில் அச்சிட்ட அளவில் அல்ல, வெளியே துருத்தி நிற்கும் புள்ளியில். 63, 48, 43 ஐப் பெருக்கி 6000 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 21.7 வருகிறது. மூன்று பக்கமும் சேர்ந்து பெருகுவதால், சிறு புடைப்பே கணக்கை ஐந்தில் ஒரு பங்கு உயர்த்திவிட்டது.

சுருட்டிய பன்பாயும் இப்படித்தான் அளக்கப்படும். 20 சென்ரிமீற்றர் விட்டமும் 120 சென்ரிமீற்றர் நீளமும் உள்ள சுருளை, அதைச் சுற்றி ஒரு சதுரப் பெட்டி இருப்பதாகவே கொள்வார்கள். வட்டத்துக்கும் சதுரத்துக்கும் இடையிலுள்ள நான்கு மூலைகளின் வெற்றிடம் மொத்தத்தில் 21 வீதத்துக்கு மேல். அதற்கும் நாமே பணம் கட்டுகிறோம். வேறு பொருளை அந்த மூலைகளில் பயனுள்ளதாக அடுக்க முடியாதாகையால் இது நியாயமான கணக்கென்றே நான் கருதுகிறேன்.

முழுக் கொள்கலனை எடுப்பவர்கள் கனவளவை மட்டும் நம்பினால் ஏமாறுவார்கள். 20 அடிக் கொள்கலனின் உட்புறம் ஏறக்குறைய 5.90 × 2.35 × 2.39 மீற்றர், அதாவது 33 கன மீற்றர். இதை 0.108 ஆல் வகுத்தால் 306 பெட்டிகள் என்று வரும். ஆனால் எல்லாப் பெட்டிகளையும் ஒரே திசையில் அடுக்கினால் நீளத்தில் 9, அகலத்தில் 5, உயரத்தில் 5 என 225 தான் கொள்ளும். ஐந்தாம் அடுக்குக்கு மேலே 39 சென்ரிமீற்றர் இடைவெளி வெறுமையாகக் கிடக்கும். பெட்டியின் உயரத்தை 40 இலிருந்து 39 ஆகக் குறைத்தால், அதே இடைவெளியில் ஆறாம் அடுக்கும் ஏறி 270 பெட்டிகள் போகும்.