மார்ச் பனியில் குளிரை விட ஈரம்தான் ஆபத்து

பொங்கல் முடிந்ததும் என் கிளினிக்குக்கு இமயமலை ட்ரெக்கிங் ஃபார்ம்கள் வரத் தொடங்கும். பிரஷர், பல்ஸ், நெஞ்சுச் சத்தம் பார்த்து மெடிக்கல் சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட ஐந்து நிமிடம் போதும். "பையில என்னென்ன வெச்சிருக்கீங்க?" என்று கேட்ட பிறகுதான் நேரம் ஆகும். வேளச்சேரி தம்பி ஒருவர் போனில் பட்டியலைக் காட்டினார்: ஜீன்ஸ் இரண்டு, காட்டன் பனியன் ஆறு, அம்மா வாங்கித் தந்த ஸ்வெட்டர் மூன்று. இருபது டிகிரிக்கே மப்ளர் சுற்றும் ஊர் நம்முடையது. குளிருக்குப் பயப்படுவதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பையில் ஈரத்துக்கு ஒரு பதிலும் இல்லை.

உத்தராகண்டின் கேதார்கந்தா சிகரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்றம் தொடங்கும் சாங்க்ரி கிராமம் சுமார் 1,950 மீட்டர், உச்சி சுமார் 3,800. நடுவில் ஓக்கும் பைனும் அடர்ந்த காட்டுப்பாதை. மார்ச்சில் அங்கே பனி இரவில் இறுகி, காலையில் வழுக்கும். வெயில் ஏறினால் இளகிவிடும். மதியம் கால் வைத்தால் முழங்கால் வரை புதையும். மரத்தடியிலும் பாறையோரத்திலும் பனிக்கு அடியில் பள்ளம் இருக்கலாம், ஓடையும் ஓடலாம். கைடு இருட்டிலேயே எழுப்பிக் கிளப்புவது சூரியோதயம் காட்ட மட்டுமல்ல.

ஷூவுக்குள் பனி, சட்டைக்குள் வியர்வை. ஈரமான காட்டன் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். இதற்கு மைனஸ் டிகிரி தேவையில்லை. ஐந்து டிகிரியும் காற்றும் போதும். உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் ஹைப்போதெர்மியா. நடுக்கம், தடுமாற்றம், நாக்குழறல், ஜிப்பைக்கூடப் போட முடியாத விரல்கள். கூட வந்தவர்கள் பெரும்பாலும் இதைக் கிண்டல்தான் செய்வார்கள். சூடேறாமலே நடுக்கம் நின்றுபோனால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

உள்ளே பாலியஸ்டர் அல்லது கம்பளி போடுங்கள். ஏறும்போது வியர்க்கும் முன்பே ஜாக்கெட்டைக் கழற்றிவிடுங்கள், நின்றதும் போடுங்கள். ஒரு ஜோடி சாக்ஸைப் பிளாஸ்டிக் கவரில் கட்டி வையுங்கள். கூடாரத்துக்குப் போகும்வரை அதைத் தொடக்கூடாது. ஷூவுக்குள் பனி புகாமல் காலில் சுற்றும் கெய்ட்டரும், வழுக்காமல் இருக்க ஷூவில் மாட்டும் மைக்ரோஸ்பைக்கும் சாங்க்ரியிலேயே வாடகைக்குக் கிடைக்கும்.

புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். மேகமூட்டத்திலும் கண் வெந்துபோகும். எரிச்சலும் கண்ணீரும் சாயங்காலம்தான் தெரியும். பிளாட்பாரத்தில் வாங்கும் கறுப்புக் கண்ணாடியில் யுவி தடுப்பு இல்லாவிட்டால் கெடுதல் அதிகம், இருட்டில் கண் பாப்பா விரிந்து கதிர் கூடுதலாக உள்ளே போகும்.

தலைவலியோடு குமட்டலும் வந்தால், உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் உயர நோய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாரத்தான் ஓடுபவருக்கும் வரும். அதற்கு மேல் ஏறாதீர்கள். தொந்தரவு கூடினால், நள்ளிரவானாலும் கைடை எழுப்பி இறங்குங்கள்.

உயர நோய்க்கான டயமாக்ஸ் மாத்திரையை நீங்களாக மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போடாதீர்கள். சல்ஃபா வகை மருந்துகளுக்கு அலர்ஜி இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அந்த மாத்திரை விரல்களில் ஊசி குத்தும் உணர்வைத் தரும், பலர் அதைக் குளிர் என்று நினைத்துவிடுகிறார்கள். விரல் வெளுத்து, கிள்ளினாலும் உணர்ச்சி இல்லையென்றால் அது மாத்திரையின் வேலை அல்ல. ஈரக் கையுறையைக் கழற்றி விரல்களை அக்குளில் வையுங்கள். தேய்க்க வேண்டாம், நெருப்பில் காட்டவும் வேண்டாம். மரத்த விரலுக்குச் சுடுவது தெரியாது.