ஏழு போட்டுக்கோங்க தம்பி

போன மாதம் ஒரு புதன்கிழமை ராத்திரி எட்டு மணி வாக்கில் சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டிய பையனுக்கு இருபது, இருபத்தொன்றுக்கு மேல் இருக்காது. கழுத்தில் அட்டை, கையில் டேப்லட். வாழ்க்கை நலன் பற்றிய ஆய்வு, இருபது நிமிடம்தான், முடிந்ததும் அன்பளிப்புப் பற்றுச்சீட்டு உண்டு என்றான். வீட்டில் இருக்கும் பெரியவர்களில் யாருக்கு அடுத்து பிறந்தநாள் வருகிறதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டுமாம். கதவைத் திறப்பவரையே எப்போதும் கேட்டுக்கொண்டிருந்தால் வேலைக்குப் போகாதவர்களும் வாயாடிகளும்தான் ஆய்வில் நிறைவார்கள், அதற்காக இப்படி ஒரு ஏற்பாடு. எங்கள் வீட்டில் அடுத்த பிறந்தநாள் அம்மாவுக்கு. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும், "நீங்க எடுத்துக் கொடுக்கக் கூடாது அண்ணே" என்று சிரித்துக்கொண்டே என் வாயை அடைத்துவிட்டான்.

நாலைந்து கேள்விகளுக்கு அப்புறம் அந்தக் கேள்வி வந்தது. "ஒரு ஏணிய நினைச்சுக்குங்க ஆன்டி. கீழ பூஜ்யம், மேல பத்து. மேல்படின்னா உங்களுக்கு அமையக்கூடியதிலேயே ஆக நல்ல வாழ்க்கை, கீழ்ப்படின்னா ஆக மோசமானது. இப்ப நீங்க எந்தப் படியில நிக்கிறீங்க?"

அம்மா மின்விசிறியைப் பார்த்தார், அப்பா படத்தைப் பார்த்தார், என்னையும் ஒரு தரம் பார்த்தார். "ஏழு போட்டுக்கோங்க தம்பி."

அவன் போனதும் ஏன் ஏழு என்று கேட்டேன். "எட்டுன்னா பெருமை பீத்துற மாதிரி இருக்கும், கண்ணு படும். ஆறுன்னா நீ என்னைச் சரியாப் பார்த்துக்கலன்னு அந்தப் புள்ள நினைச்சுக்காதா?" சரி, அப்படியானால் உண்மையான எண் எவ்வளவு? "அதெல்லாம் யாருக்குத் தெரியும்."

இந்த ஏணி நேற்று வந்ததல்ல. ஹாட்லி கேன்ட்ரில் என்ற அமெரிக்க உளவியலாளர் 1965இல் வெளியிட்ட ஆய்வில் பயன்படுத்தியது. கேலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் 2005 முதல் உலகம் முழுக்க இதே ஏணியைத்தான் கேட்டு வருகிறது, பெரும்பாலான நாடுகளில் ஆண்டுக்குச் சுமார் ஆயிரம் பேரிடம். 2012இல் தொடங்கிய உலக மகிழ்ச்சி அறிக்கையின் தரவரிசைக்கும் இதுதான் மூலம். வருமானம், ஆயுட்காலம், ஊழல் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து அந்த வரிசையைப் போடுகிறார்கள் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. மூன்று ஆண்டுகளில் இந்த ஒரே ஒரு கேள்விக்கு வந்த பதில்களின் சராசரி, அவ்வளவுதான் வரிசை. வருமானம், ஆயுட்காலம் எல்லாம் ஏன் இந்த எண் வந்தது என்று விளக்குவதற்காகப் பிற்பாடு வருகின்றன.

2024 அறிக்கையில் சிங்கப்பூருக்கு 30ஆவது இடம், மதிப்பெண் 6.523. 2025இல் 34ஆவது இடம், மதிப்பெண் 6.565. கவனித்தீர்களா? மதிப்பெண் ஒரு துளி ஏறியிருக்கிறது, இடம் நான்கு இறங்கியிருக்கிறது. ஆசியாவில் முதலிடம் தைவானுக்குப் போய்விட்டது என்று அன்றைக்கு வாட்ஸ்அப் குழுக்களில் ஆளாளுக்குக் காரணம் சொன்னார்கள், கார் வாங்க எடுக்க வேண்டிய சிஓஇ உரிமத்தின் விலையாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் பிஎஸ்எல்இ பரீட்சையாம். ஆனால் தைவானின் 27ஆவது இடத்துக்கும் நம்முடைய 34ஆவது இடத்துக்கும் நடுவே இருந்தது ஏறக்குறைய 0.1 படி, அதாவது ஒரு படியில் பத்தில் ஒரு பங்கு. ஆயிரம் பேரிடம் கேட்டால் சராசரியிலேயே இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட அதே அளவு ஆட்டம் இருக்கும், மூன்று ஆண்டுகளைச் சேர்த்தால் கொஞ்சம் குறையும். அந்த ஆட்டத்துக்குள் இருக்கும் வித்தியாசத்தை வைத்துக்கொண்டு பரீட்சையைத் திட்டுவது பரீட்சைக்கே அநியாயம்.

இதைவிடப் பெரிய கூத்து 2012இல் நடந்தது. ஏணி கேட்பது வாழ்க்கையைப் பற்றிய தீர்ப்பு. கேலப் இன்னொரு வகைக் கேள்விகளும் கேட்கிறது: நேற்று நன்றாக ஓய்வெடுத்தீர்களா, மரியாதையாக நடத்தப்பட்டீர்களா, சிரித்தீர்களா, சுவாரசியமாக எதையாவது கற்றுக்கொண்டீர்களா, நேற்றைய பொழுது சந்தோஷமாகக் கழிந்ததா? இவற்றுக்கு 'ஆம்' சொன்னவர்களின் சராசரி பனாமாவிலும் பராகுவேயிலும் 85 விழுக்காடு, சிங்கப்பூரில் 46. உலகத்திலேயே ஆகக் கடைசி. பணம் இருக்கிறது, சிரிப்பு இல்லை என்று ஊர் உலகமெல்லாம் பேசியது. ஆனால் அடுத்த சுற்று ஆய்விலேயே நம்முடைய எண் மளமளவென்று ஏறிவிட்டது. ஒரே ஆண்டில் தீவு முழுக்கச் சிரிக்கக் கற்றுக்கொண்டதா என்ன? எனக்கு நம்பிக்கை இல்லை. நேற்று நடந்ததைப் பற்றிய கேள்விகள் லேசான எடை மெஷின் மாதிரி, காற்றடித்தாலும் முள் ஆடும்.

எண் எப்படி ஆடும் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் பொருளாதாரத்தில் நோபல் பரிசு வாங்கிய ஆங்கஸ் டீட்டன் கண்டுபிடித்தது. அமெரிக்காவில் கேலப் தினமும் ஆயிரம் பேரிடம் ஏணிக் கேள்வியைக் கேட்டு வந்தது. அதற்கு முன்னால் அரசியல் கேள்விகளைக் கேட்ட நாட்களில், பதில் அரைப் படிக்கும் மேலே இறங்கியிருந்தது. வாழ்க்கை அதேதான், ஆட்களும் அதே மாதிரிதான், அரசியலை நினைவுபடுத்திவிட்டு ஏணியைக் காட்டினார்கள், அவ்வளவே. மேலே சொன்ன 0.1 படியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சரி, நாடுகளை விடுங்கள். சிங்கப்பூருக்குள்ளேயே நம் சமூகம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டால்? இங்கேதான் கணக்கு இடிக்கிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி குடியிருப்பாளர்களில் சீனர் 74.3 விழுக்காடு, மலாய்க்காரர் 13.5, இந்தியர் 9. வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2.5 விழுக்காடு. ஆயிரம் பேரைச் சமமாகக் குலுக்கிப் போட்டு எடுத்தால் ஏறக்குறைய 90 பேர் இந்தியர், 25 பேர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். ஆயிரம் பேரில் பாதிப் பேர் 'ஆம்' என்றால், உண்மை 47க்கும் 53க்கும் நடுவில் எங்கேயோ இருக்கும் என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். 90 பேரை வைத்துச் சொன்னால் அந்த இடைவெளி 40 முதல் 60 வரை விரிந்துவிடும். 25 பேரில்? 30க்கும் 70க்கும் நடுவில். அதை வைத்துக்கொண்டு 'தமிழர்கள் மற்றவர்களைவிட மனநிறைவு குறைந்தவர்கள்' என்று யாராவது எழுதினால் அந்தத் தாளில் வடை மடிக்கலாம்.

இதற்கு ஆய்வாளர்கள் செய்யும் வேலை சுவையானது. சிறிய குழுவிலிருந்து வேண்டுமென்றே அதிகம் பேரைத் தேடிப் பிடிப்பார்கள், 90க்குப் பதில் 300 இந்தியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தியர்களைப் பற்றித் தனியாகப் பேசும்போது அந்த 300 பேரும் முழுசாக எண்ணப்படுவார்கள், ஆட்டம் குறையும். நாடு முழுவதற்கும் சராசரி எடுக்கும்போது ஒவ்வொருவருடைய பதிலுக்கும் 0.3 எடைதான் கொடுப்பார்கள், அப்போது பழைய 9 விழுக்காடு திரும்ப வந்துவிடும். பிரியாணிக்கு ஏலக்காயைத் தனியாக வறுத்து ருசி பார்த்துவிட்டு, அண்டாவில் அளவாகப் போடுகிற மாதிரி.

ஆனால் தேடிப் பிடிப்பது லேசில்லை. 1989 முதல் வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வீடுகளில் இன ஒருங்கிணைப்புக் கொள்கை இருக்கிறது, ஒவ்வொரு புளோக்கிலும் வட்டாரத்திலும் ஒவ்வொரு இனத்துக்கும் உச்சவரம்பு உண்டு. தமிழர் எல்லாம் ஒரே பேட்டையில் கிடைக்க மாட்டார்கள். லிட்டில் இந்தியா எனப்படும் தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை நின்று கேட்டால் ஆயிரம் பேர் கிடைப்பார்கள்தான், ஆனால் அது தேக்காவுக்கு வருகிறவர்களின் நலன், கூட்டத்துக்குப் பயந்து வராமல் வீட்டில் இருக்கிற என் சித்தியுடைய நலன் அதில் இல்லை. அப்புறம் 'இந்தியர்' என்ற கட்டத்துக்குள் நான்கு தலைமுறையாக இங்கே இருக்கும் குடும்பமும், பத்து ஆண்டுகளுக்கு முன் சென்னையிலிருந்து கணினி வேலைக்கு வந்து நிரந்தரவாசியானவரும், மலையாளிகளும் பஞ்சாபிகளும் சிந்திகளும் ஒன்றாகத்தான் அடைபடுகிறார்கள். அந்தச் சராசரி யாருடைய வாழ்க்கை என்று கேட்டால் பதில் இல்லை.

கட்டத்துக்கு வெளியே நிற்பவர்கள் வேறு. மேலே சொன்ன விழுக்காடெல்லாம் குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் பற்றியது. 2020இல் சிங்கப்பூரின் மொத்த மக்கள்தொகை சுமார் 56.9 லட்சம், அதில் குடியிருப்பாளர் 40.4 லட்சம். மிச்சமுள்ள பதினாறு லட்சத்துச் சொச்சம் பேரில், தங்குவிடுதியில் பன்னிரண்டு பேர் ஒரே அறையில் படுத்து விடியற்காலை லாரி ஏறும் தமிழ்நாட்டுத் தம்பிகளும் உண்டு. வீட்டு முகவரிப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கதவைத் தட்டும் ஆய்வு அவர்கள் பக்கம் போவதே இல்லை. அவர்களை அறிய அவர்களுக்கென்றே தனி ஆய்வு வேண்டும். தமிழர் நலன் என்று பேசும்போது நாமே அவர்களை மறந்துவிடுகிறோம், ஆய்வாளரை மட்டும் குறை சொல்லி என்ன.

இப்போது மொழிக்கு வருவோம். ஆங்கிலத்தில் 'ஹேப்பி' என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். தமிழில் அது மகிழ்ச்சியா, சந்தோஷமா, திருப்தியா, மனநிறைவா, நிம்மதியா? என் அம்மாவிடம் "மகிழ்ச்சியா இருக்கீங்களா" என்றால் யாருக்கோ கல்யாணம் போலிருக்கிறது என்று நினைப்பார். "நிம்மதியா இருக்கீங்களா" என்றால் அரை மணி நேரம் பேசுவார். பொதுவாக ஒருவர் மொழிபெயர்ப்பார், மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதை ஆங்கிலத்துக்குத் திரும்பக் கொண்டுவருவார், இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். நல்ல முறைதான். ஆனால் அகராதி பொருந்தினாலும் பழக்கம் பொருந்தாது. "எப்படி இருக்கீங்க" என்று கேட்டால் "ஏதோ ஓடுது" என்று சொல்லி வளர்ந்த வாய்க்கு ஒன்பது சட்டென்று வருமா?

ஒரே எண் இரண்டு ஊரில் இரண்டு அர்த்தம் என்றால் ஒப்பிடுவது எப்படி? அமெரிக்க அரசியல் அறிவியலாளர் கேரி கிங்கும் உடன் ஆய்வாளர்களும் 2004இல் ஒரு வழி காட்டினார்கள். அரசாங்க விவகாரங்களில் உங்கள் பேச்சு எடுபடுகிறதா என்று கேட்டபோது, சீனாவில் இருந்தவர்கள் மெக்சிகோக்காரர்களைவிட அதிகமாக 'எடுபடுகிறது' என்று சொல்லியிருந்தார்கள். மெக்சிகோவிலோ 2000இல்தான் எழுபது ஆண்டுகளுக்கும் மேல் ஆண்ட கட்சியை வாக்குப் போட்டு இறக்கியிருந்தார்கள். எங்கேயோ உதைக்கிறது இல்லையா? எனவே எல்லாருக்கும் ஒரே குட்டிக் கதைகளைச் சொல்லி, அந்தக் கதையில் வருபவருக்கு எவ்வளவு மதிப்பெண் போடுவீர்கள் என்றும் கேட்டார்கள். அந்த அளவுகோலை வைத்துத் திருத்தியதும் வரிசை அப்படியே தலைகீழானது.

நம் ஊருக்கு அப்படி ஒரு கதை இப்படி இருக்கலாம்: கமலாவுக்கு 58 வயது, மூன்றறை வீடு, கடன் இல்லை, முட்டி வலி, மகன் வாரம் ஒரு தரம் வருகிறான். கமலா எந்தப் படி? ஒருவர் ஐந்து என்கிறார், இன்னொருவர் எட்டு என்கிறார் என்றால், தங்களுக்கு அவர்கள் போட்டுக்கொண்ட ஆறும் ஒன்றல்ல என்று புரிந்துவிடும். முதலாமவர் கமலாவுக்கு ஒரு படி மேலே நிற்கிறார், அடுத்தவர் இரண்டு படி கீழே.

என்னைக் கேட்டால் உணர்வைவிடச் செயலைக் கேட்கும் ஆய்வுகளை நான் கொஞ்சம் கூடுதலாக நம்புவேன். வீவக 1968 முதல் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை நடத்தும் குடும்ப ஆய்வில் அண்டை வீட்டாருடன் பழகுவது பற்றிய கேள்விகள் உண்டு: பார்த்தால் வணக்கம் சொல்வீர்களா, நின்று பேசுவீர்களா, உணவு கொடுத்து வாங்குவீர்களா, பொருள் இரவல் வாங்குவீர்களா என்பது போல. இதற்குப் பெருமையும் வேண்டாம், அடக்கமும் வேண்டாம். தீபாவளிக்கு எதிர்வீட்டு மலாய் மக்சிக்கிடம் முறுக்கு போனதா, நோன்புப் பெருநாளுக்குக் குவே பலகாரம் திரும்பி வந்ததா, அவ்வளவுதான். பத்து ஆண்டு முன்பு இருந்த எண்ணையும் இப்போதைய எண்ணையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், ஊர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று ஓரளவு பிடிபடும். இதே கேள்வி, இதே மொழி, இதே வகை ஆட்கள், வேறு ஆண்டு என்ற ஒப்பீடு, நம்மை டென்மார்க்கோடு ஒப்பிடுவதைவிட எவ்வளவோ மேல்.

அதற்காக ஏணியைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதில்லை. குரூகர், ஷ்கேட் என்ற இருவர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், சில பெண்களிடம் வாழ்க்கைத் திருப்தியைக் கேட்டுவிட்டு, இரண்டு வாரம் கழித்து அதே பெண்களிடம் திரும்பக் கேட்டார்கள். இரண்டு பதில்களுக்கும் இடையிலான ஒட்டுறவு சுமார் 0.6. முழுக்க ஒத்துப்போனால் 1, சம்பந்தமே இல்லை என்றால் 0. ஒருவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல அது போதாது, ஆயிரம் பேரின் சராசரியில் தனித்தனி ஆட்டங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும்.

எங்கள் வீட்டில் அது கண்ணெதிரேயே நடந்தது. இரண்டு வாரம் கழித்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தார், சரிபார்ப்பாம். பையன் உண்மையிலேயே வந்தானா, எவ்வளவு நேரம் இருந்தான், பற்றுச்சீட்டு கொடுத்தானா என்று கேட்டுவிட்டு, இரண்டு மூன்று கேள்விகளைத் திரும்பக் கேட்டார். நான் அடுக்களையில் இருந்தேன், ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டது. ஏணி வந்தது. அம்மா இந்த முறை யோசிக்கவே இல்லை. "எட்டுன்னு வச்சுக்குங்கம்மா. முட்டி இப்பக் கொஞ்சம் தேவல."

போனை வைத்துவிட்டு என்னிடம் கேட்டார், "ரெண்டுல எதைக் கணக்குல எடுத்துக்குவாங்க?"

"முதல்ல சொன்னதத்தான்மா. இது அந்தப் பையன் ஒழுங்கா வேலை செஞ்சானான்னு பார்க்கத்தான்."

"அப்ப ஏழுதானா" என்று சொல்லிவிட்டு, புளி ஊறப்போட எழுந்து போனார்.