ஐந்து நாள் இலவசம்

ஜியோஹாட்ஸ்டார்.காம் என்ற இணையதளப் பெயரை டெல்லி இளைஞர் ஒருவர் 2023இலேயே பதிந்து வைத்துக்கொண்டு, கேம்பிரிட்ஜில் படிக்கப் பணம் தந்தால் தருகிறேன் என்று 2024இல் ரிலையன்ஸைக் கேட்டாரே, இன்னொருவர் பெயரை அவருக்கு எப்படிக் கொடுத்தார்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

கொடுக்கும் இடத்தில் யாரும் கேள்வி கேட்பதில்லை, அதுதான் காரணம். .காம் பெயர்கள் அத்தனைக்கும் ஒரே பதிவேடு. அதை நடத்துவது வெரிசைன் நிறுவனம். நாம் பணம் கட்டும் ரிஜிஸ்ட்ரார், ‘இந்தப் பெயரை யாராவது எடுத்துவிட்டார்களா?’ என்று மட்டும் அங்கே கேட்கும். இல்லையென்றால் பெயர் உங்களுடையது, ஓராண்டு முதல் பத்தாண்டு வரை. டிரேட்மார்க் பட்டியலை அந்தக் கணினி எட்டிக்கூடப் பார்க்காது.

இதில் எனக்கு மிகப் பிடித்த கூத்து ஒன்று உண்டு. பதிந்த ஐந்து நாளுக்குள் ரத்து செய்தால், ரிஜிஸ்ட்ரார் கட்டிய ஆண்டுக் கட்டணத்தைப் பதிவேடு திருப்பித் தந்துவிடும். தப்பாக டைப் செய்து பதிந்தவர்களுக்காக வைத்த சலுகை. சிலர் அதில் ஒரு தொழிலையே கண்டுபிடித்தார்கள். லட்சக்கணக்கான பெயர்களைக் கணினியை வைத்துப் பதிவது, ஒவ்வொன்றிலும் ஒரு விளம்பரப் பக்கத்தைப் போடுவது, எத்தனை பேர் வந்து விழுகிறார்கள் என்று பார்ப்பது. ஆண்டுக் கட்டணம் அப்போது ஏறக்குறைய 6 டாலர். அதற்கு மேல் சம்பாதிக்கும் என்று தெரிந்த பெயரை வைத்துக்கொள்வார்கள், மற்றதெல்லாம் கெடு முடிவதற்குள் திரும்பிப் போய்விடும். பிரபலமான தளத்தின் பெயரில் மக்கள் எந்த எழுத்தைத் தவறவிடுவார்கள் என்று மூளையைக் கசக்க வேண்டாம். பிழையான பெயர்களை எல்லாம் பதிந்து வைத்தால் போதும், ஐந்தே நாளில் மக்களின் விரல்களே சொல்லிவிடும். இன்னும் சில கெட்டிக்காரர்கள் ரத்து செய்த பெயரையே மறுபடி பதிந்து, காசே கட்டாமல் மாதக்கணக்கில் ஓட்டினார்கள். டொமைன் டேஸ்டிங் என்று இதற்குப் பெயர். திருட்டுத்தனம்தான், ஆனால் இவ்வளவு சுத்தமான சோதனை முறை பல ஆய்வுக்கூடங்களில் கிடையாது.

(நியூமராலஜி பார்த்துக் கடைப் பெயரில் கூடுதலாக ஒரு எழுத்தைச் சேர்ப்பவர்கள் இதைக் கவனிக்கலாம். வாடிக்கையாளர் வழக்கமான ஸ்பெல்லிங்கில்தான் தேடுவார். அந்தப் பெயர் வேறு யாரிடமாவது இருந்தால் ஜோசியருக்கு என்ன நஷ்டம்?)

இந்த டேஸ்டிங்கை முடித்துவைத்தது 20 சென்ட். இணையப் பெயர்களை மேற்பார்வையிடும் ஐகான் அமைப்பு, 2008இல், அளவுக்கு மீறி ரத்தாகும் ஒவ்வொரு பெயருக்கும் தன் பங்கான 20 சென்ட்டை வசூலிக்கத் தொடங்கியது. லட்சம் பெயரை ருசி பார்க்க ஏறக்குறைய 20,000 டாலர் என்றானது. 2009 ஏப்ரலில் ஆண்டுக் கட்டணத்தைத் திருப்பித் தருவதற்கும் வரம்பு வந்தது. இத்தகைய ரத்துகள் 99.7 சதவீதம் குறைந்தன.

சரி, காசு கட்டியே பிடித்து வைத்திருப்பவரை என்ன செய்வது? 1999இல் ஐகான் ஒரு தீர்வு முறை கொண்டுவந்தது. புகார் செய்பவர் மூன்றை நிரூபிக்க வேண்டும்: பெயர் தன் டிரேட்மார்க்கை ஒத்திருக்கிறது, வைத்திருப்பவருக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தோடு பதிந்து ‘பயன்படுத்துகிறார்’. கடைசிச் சொல்தான் சிக்கல், ஏனென்றால் பதுக்குபவர் பெரும்பாலும் தளமே நடத்துவதில்லை. முதல் வழக்கிலேயே இது வந்துவிட்டது. வேர்ல்டு ரெஸ்லிங் ஃபெடரேஷன் என்ற மல்யுத்த நிறுவனத்தின் பெயரைப் பதிந்த கலிபோர்னியாக்காரர், அதை அந்த நிறுவனத்துக்கே 1,000 டாலருக்குத் தருவதாகச் சொன்னார். தளம் எதுவும் இல்லை. விலை பேசியதே பயன்பாடுதான் என்று 2000 ஜனவரியில் தீர்ப்பளித்து, பெயரை நிறுவனத்துக்கு மாற்றச் சொன்னார் நடுவர்.