கம்பு விதையின் பெற்றோர் யாருக்குச் சொந்தம்?

கம்புக் கதிரில் சூலகமுடி முதலில் வெளிவரும். மகரந்தப்பை பிறகுதான் விரியும். ஆகவே பெரும்பாலும் காற்று கொண்டுவரும் அயல் மகரந்தமே அதைக் கருவுறச் செய்கிறது. ஆயினும் வீரிய ஒட்டு விதையைத் தூய்மையாக உற்பத்தி செய்ய, தாய்ச்செடியிடம் சொந்த மகரந்தமே இல்லாதிருக்க வேண்டும். அத்தகைய ஆண்மலட்டுத் தாய் ஒன்று அமெரிக்காவின் டிஃப்டன் ஆராய்ச்சி நிலையத்தில் உருவானது. அதன் பெயர் டிஃப்ட் 23 ஏ. அதை வைத்து லூதியானாவில் உருவாக்கிய ஹெச்.பி. 1, 1965இல் இந்தியாவின் முதல் வீரிய ஒட்டுக் கம்பாக வெளியானது.

இந்த முறைக்கு மூன்று பெற்றோர் வரிசைகள், அதாவது குணம் மாறாமல் பேணப்படும் மூன்று செடி வழிகள், தேவை. 'ஏ' வரிசை ஆண்மலடு. 'பி' வரிசை அதற்கு மகரந்தம் தந்து, மலட்டுத்தன்மை மாறாமல் அதைப் பெருக்குகிறது. 'ஆர்' வரிசை விற்பனை விதைக்குத் தந்தையாகி, உழவர் வயலில் மீண்டும் மகரந்தம் உண்டாகும்படி வளத்தை மீட்கிறது. அந்த வயலின் அறுவடையிலிருந்து விதை எடுத்து வைத்தால் அடுத்த தலைமுறையில் குணங்கள் பிரிந்து விளைச்சல் குறைந்துவிடும் என்பதால், உழவர் ஆண்டுதோறும் புது விதை வாங்க வேண்டியிருக்கிறது. தனியார் விதை நிறுவனங்கள் கம்புக்கு வந்ததற்கு அடிப்படை இந்த உயிரியல்தான்.

ஆனால் பெற்றோர் வரிசைகளை உருவாக்கப் பல ஆண்டுகளும், பல நாடுகளில் திரட்டிய விதைச் சேகரிப்பும் வேண்டும். சிறிய நிறுவனத்தால் அது இயலாது. அதோடு, ஒரே தாயை எல்லாரும் நம்பினால் என்ன ஆகும் என்பதை அடிச்சாம்பல் நோய் 1970களின் தொடக்கத்திலேயே காட்டிவிட்டது: கதிரில் மணி பிடிப்பதற்குப் பதிலாகப் பச்சை இலைக்கொத்து முளைத்தது, முதல் ஒட்டுகள் வீழ்ந்தன.

ஐதராபாத்தை அடுத்த பட்டான்செருவில் 1972இல் தொடங்கிய பன்னாட்டு ஆராய்ச்சி நிறுவனமான இக்ரிசாட், 2000ஆம் ஆண்டில் சோளத்துக்கும் கம்புக்குமாக ஒரு கூட்டமைப்பை ஏற்படுத்தியது. விதை நிறுவனங்கள் ஆண்டுச் சந்தா செலுத்துகின்றன. அந்தப் பணம் பெற்றோர் வரிசைகளை உருவாக்கும் ஆராய்ச்சிக்குப் போகிறது. உறுப்பினர்கள் அங்குள்ள வயலுக்கே வந்து வேண்டிய வரிசைகளைத் தேர்ந்து, தங்களிடமுள்ள வரிசைகளோடு ஒட்டுச் சேர்த்து, பல ஊர்களில் சோதித்து, தத்தம் பெயரில் விற்கிறார்கள். எந்த வரிசையும் எவருக்கும் தனியுரிமை ஆகாது. அரசு ஆராய்ச்சி நிலையங்களும் அவற்றைப் பெறலாம். இந்த ஏற்பாட்டில் நான் மிகவும் மதிப்பது இந்த விதியைத்தான். ஒரே நிறுவனத்திடம் தாய் வரிசை அடைபட்டிருந்தால் விலையும் அதன் கையில் இருக்கும். நிறுவனத்துக்கொரு தந்தை சேரும்போதோ உழவர் பல ஒட்டுகளுள் தேர்ந்தெடுக்க முடிகிறது, வயல்களில் மரபு வேற்றுமையும் பெருகுகிறது.

பொதுத்துறையின் பங்கு தாய் வரிசையோடு நின்றுவிடுவதும் இல்லை. ஹிசார் வேளாண் பல்கலைக்கழகம் 1990இல் வெளியிட்ட குறுகிய காலக் கம்பான ஹெச்.ஹெச்.பி. 67, அடிச்சாம்பல் நோய்க்கு இலக்காகத் தொடங்கியபோது, வேண்டிய மரபணு செடியில் இருக்கிறதா என்று காட்டும் மரபணுக் குறியீடுகளின் உதவியால் அதன் பெற்றோரில் எதிர்ப்புத் திறன் சேர்க்கப்பட்டு, மேம்பட்ட வடிவம் 2005இல் உழவர்களை அடைந்தது.

நிலக்கடலைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அது தன் மகரந்தத்தாலேயே காய்ப்பது. உழவர் எடுத்து வைத்த விதை அடுத்த பட்டத்திலும் அதே குணத்தோடு முளைக்கும். ஏக்கருக்கு விதையும் ஏராளமாக வேண்டும், பெருகுவதோ மெதுவாக. ஆண்டுதோறும் வாங்குவோர் இல்லாத இடத்தில் சந்தா கட்ட நிறுவனங்கள் வருவதில்லை. அங்கே புது இரகத்துக்கான செலவில் பெரும்பகுதியைப் பொதுத்துறையே ஏற்க வேண்டியிருக்கிறது.