கிரெஸ்டட் கெக்கோ: வாங்கும் முன் அறையின் வெப்பத்தை அளந்து பாருங்கள்

ஊர்வன வளர்க்கத் தொடங்குபவர்களுக்கு முதலில் கைகாட்டப்படும் உயிர்களில் கிரெஸ்டட் கெக்கோவும் ஒன்று. சூடேற்றும் விளக்கு தேவையில்லை, நாள்தோறும் உயிர்ப்பூச்சி பிடித்துப் போட வேண்டியதில்லை, பெரிய இடமும் கேட்காது என்பார்கள். அத்தனையும் உண்மை. ஆனால், இந்த எளிமை முழுக்க ஒரே விஷயத்தைச் சார்ந்தது: உங்கள் அறையின் வெப்பம் 22 முதல் 26 டிகிரி செல்சியசுக்குள் நிற்க வேண்டும். நின்றால் இதைவிடத் தொல்லையில்லாத பல்லி அரிது. நிற்காவிட்டால் இதைக் காப்பாற்றுவதே அன்றாடப் போராட்டமாகிவிடும்.

இதன் பிறப்பிடம் நியூ கலிடோனியா. ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே பசிபிக் கடலில், பிரான்சின் ஆளுகையில் இருக்கும் தீவுக்கூட்டம் அது. 1866-இல் பிரெஞ்சு விலங்கியலாளர் அல்ஃபோன்ஸ் கிஷ்னோ இதற்கு கொரெலோஃபஸ் சிலியேட்டஸ் என்று பெயர் வைத்தார். இரண்டாவது சொல் இமைமயிரைக் குறிக்கிறது. கண்ணுக்கு மேலே தொடங்கி முதுகுவரை ஓடும் சிறு முள்வரிசை பார்ப்பதற்கு அப்படித்தான் இருக்கும். வேடிக்கை என்னவென்றால், இமைமயிரின் பெயர் தாங்கிய இந்தப் பல்லிக்கு மூடித் திறக்கும் இமையே கிடையாது. கண்ணின்மேல் கண்ணாடி போன்ற ஒரு செதில் இருக்கிறது. தூசு படிந்தால் நாக்கை நீட்டி நக்கித் துடைத்துக்கொள்ளும்.

அழிந்தேவிட்டது என்று நெடுங்காலம் கருதப்பட்ட இந்த இனம் 1994-இல் மறுபடியும் கண்டறியப்பட்டது. இன்று வளர்ப்பில் இருப்பவை, 1990-களில் தீவிலிருந்து எடுத்துவரப்பட்ட சிலவற்றின் வழித்தோன்றல்கள். காட்டில் எஞ்சியிருப்பவற்றை வெளியிலிருந்து வந்த எலிகளும் சின்ன நெருப்பெறும்புகளும் தாக்குகின்றன. ஆகவே வளர்ப்பிலேயே பொரித்த குட்டியைத் தவிர வேறெதையும் வாங்கக் கூடாது. உங்கள் நாட்டுச் சட்டம் இதை வளர்க்க அனுமதிக்கிறதா என்பதையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

இனி வெப்பம். பல்லியின் உடல் வெப்பம் சுற்றுப்புறத்தோடு ஏறி இறங்கும். வியர்வை கிடையாது, குளிர்ந்துகொள்ள நிழலுக்கு நகர்வதும் வாயைத் திறந்து மூச்சுவிடுவதும்தான் வழி. கிரெஸ்டட் கெக்கோ பகலில் இலைகளுக்கிடையே தூங்கி இரவில் நடமாடும் மரவாசி; வெயிலில் படுத்துச் சூடேற்றிக்கொள்ளும் இனமல்ல. காட்டில் சூடு ஏறினால் அடர்ந்த நிழலுக்கு இறங்கிவிடும். கண்ணாடிப் பெட்டியில் எங்கே போகும்? 28 டிகிரியைத் தாண்டி நாள்கணக்கில் நீடித்தால் தீனியைக் குறைக்கும், எடை இறங்கும். 30-க்கு மேல் சில மணி நேரமே ஆபத்து. பட்டப்பகலில் தரையில் துவண்டு கிடப்பதும் வாயைப் பிளந்தபடி இருப்பதும் அபாய அறிகுறிகள். குளிர் அவ்வளவு பயமுறுத்தாது. இரவில் 18 டிகிரிவரை இறங்கினாலும் தாங்கிக்கொள்ளும்.

"வெயில் நாளில் தண்ணீர் தெளித்துவிட்டால் போதும்" என்ற அறிவுரையை அப்படியே நம்ப வேண்டாம். நீர் ஆவியாகும்போதுதான் குளிர்ச்சி வரும். காற்று ஏற்கெனவே ஈரமாக இருந்தால் ஆவியாவது வெகுவாகக் குறைந்துபோகும். அப்போது தெளிப்பதால் பெட்டி புழுங்குமே தவிர குளிராது. காற்றோட்டமுள்ள வலைமூடியும் மூடிக்கு மேலே மெல்ல ஓடும் மின்விசிறியும் சேர்ந்தால்தான் தெளிப்பு பலன் தரும். அவசரத்துக்கு, உறைய வைத்த தண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி வலைமூடியின் மேல் வைக்கலாம். கோடை முழுக்க இப்படியே சமாளித்துவிடலாம் என்று நினைத்தால் அது நடக்காது, குளிர்சாதனம் வேண்டும். பெட்டியை ஜன்னலோரம் வைப்பது பெரிய பிழை. கண்ணாடிக்குள் விழும் வெயில் அரை மணி நேரத்திலேயே அறையின் வெப்பத்தைவிட வெகுவாக மேலே கொண்டுபோய்விடும்.

வளர்ந்த ஒன்றுக்கு 45 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம் என்பது குறைந்த அளவு. உயரம்தான் முக்கியம். உள்ளே கார்க் பட்டைகள், குறுக்கும் நெடுக்குமாகக் கிளைகள், மணி பிளான்ட் போன்ற அகன்ற இலைச் செடிகள் வேண்டும். இவற்றை அலங்காரம் என்று ஒதுக்கக் கூடாது. கிளை போதாத பெட்டியில் பல்லி கண்ணாடிச் சுவரிலேயே தலைகீழாக ஒட்டித் தூங்கும். அப்போது கனமான வால் முதுகின்மேலோ பக்கவாட்டிலோ சாய்ந்து தொங்கும். மாதக்கணக்கில் அப்படியே நடந்தால் இடுப்பெலும்பு கோணிப்போகலாம். பெண் பல்லியாக இருந்தால் பிற்பாடு முட்டையிடும்போது இது சிக்கலாகும்.

ஈரப்பதத்தில் பலர் தவறுவது குறைவாக வைப்பதால் அல்ல, எப்போதும் ஈரமாகவே வைப்பதால். மாலையில் நன்றாகத் தெளித்து 80 சதவீதம்வரை ஏற்றுங்கள். மறுநாள் பகலில் அது 50, 60-க்கு இறங்க வேண்டும். இலையில் தங்கும் துளிகளை நக்கித்தான் தண்ணீர் குடிக்கும். ஒருபோதும் காயாத பெட்டியில் பூஞ்சையும் பாக்டீரியாவும் பெருகி, தோலிலும் நுரையீரலிலும் நோய் வரும். மாறாக, வறண்டே கிடந்தால் தோல் முழுதாக உரியாது.

உரியாத தோல் முதலில் கெடுப்பது விரல்களை. விரலின் அடியில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் இலட்சக்கணக்கில் உள்ளன. ஒவ்வொன்றின் நுனியும் மேலும் பல கிளைகளாகப் பிரிகிறது. அந்த நுனிகள் சுவரை மிக நெருங்கும்போது மூலக்கூறுகளுக்கிடையே உண்டாகும் வான்டர்வால்ஸ் ஈர்ப்புதான் பல்லியைத் தாங்குகிறது. பசை எதுவும் இல்லை. வால் நுனியிலும் இதே ஒட்டுப்பட்டை உண்டு. பழைய தோல் விரலைச் சுற்றி வளையமாகத் தங்கினால் முதலில் பிடிமானம் போகும். அடுத்து, வளையம் இறுகி இரத்த ஓட்டம் தடைபட்டு விரலே கருகி விழும். கண்டவுடன் பிய்த்து இழுக்காதீர்கள். காற்றுத் துளையுள்ள டப்பாவில் ஈரத் துணியை விரித்து, அதில் பல்லியை அறைவெப்பத்திலேயே 20 நிமிடம் விட்டு, பிறகு ஈரப் பஞ்சால் மெதுவாக உருட்டி எடுங்கள்.

தீனிதான் இதை வளர்ப்பதில் உண்மையான சௌகரியம். பழம், பூந்தேன், பூச்சி எல்லாம் தின்னும் விலங்கு என்பதால், இதற்கென்றே முழுச்சத்துப் பொடி விற்கிறார்கள். ஒரு பங்கு பொடிக்கு இரண்டு பங்கு தண்ணீர் ஊற்றிக் கலக்கி, தக்காளி சாஸ் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். போத்தல் மூடி அளவு கிண்ணத்தில், வாரத்துக்கு மூன்று மாலைகள் போதும். குட்டிகளுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள். 24 மணி நேரத்துக்குள் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை சுவர்க்கோழியோ துபியா கரப்பானோ கொடுக்கலாம். பூச்சியின் அளவு பல்லியின் இரு கண்களுக்கிடையே உள்ள இடைவெளியைத் தாண்டக் கூடாது.

வெறும் பழக்கூழைக் கொடுத்து வளர்ப்பவர்கள் சில மாதங்களில் எலும்புநோயைச் சந்திப்பார்கள். பழத்தில் கால்சியம் சொற்பம். பூச்சியில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் அதிகம். குடல் கால்சியத்தை உறிஞ்ச வைட்டமின் டி3 வேண்டும். இரத்தத்தில் கால்சியம் குறையும்போது உடல் அதை எலும்பிலிருந்து உருவி எடுக்கத் தொடங்கும். தாடை ரப்பர் போல வளையும், முதுகுத்தண்டு நெளியும், கால்கள் நடுங்கும். நெளிந்த எலும்பு திரும்ப நிமிராது. பூச்சியைக் கொடுக்கும்முன் கால்சியம் பொடியில் உருட்டுவதும், மிதமான புற ஊதா விளக்கு வைப்பதும் இதற்காகத்தான். விளக்கு வாங்கினால் அதன் சூட்டையும் கணக்கில் சேருங்கள்.

வால் பற்றி ஒரு எச்சரிக்கை. பயந்தாலோ பிடித்து இழுத்தாலோ வாலைக் கழற்றி எறியும். வீட்டுப் பல்லிக்கு முளைப்பதுபோல் இதற்கு மறுபடி முளைக்காது. ஆயுள் முழுக்க மொட்டைதான். உடல்நலத்துக்கு இதனால் பெரிய கேடில்லை. காட்டில் வளர்ந்தவற்றில் பெரும்பாலானவை வாலில்லாமல்தான் திரிகின்றன. வாலுக்காக வாங்குபவர்களுக்கு மட்டுமே ஏமாற்றம்.

கையில் எடுப்பதைப் பொறுத்தவரை எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது. வந்த முதல் இரண்டு வாரம் தொடவே வேண்டாம்; அந்த நாள்களில் தீனியைச் சீந்தாமல் இருப்பதும் வழக்கம். பிறகு ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று ஒரு கையிலிருந்து மறு கைக்கு நடக்க விடலாம். எச்சரிக்கையின்றித் தாவும் என்பதால் தரையில் உட்கார்ந்தபடி எடுங்கள். நாய் போலப் பாசம் காட்டாது, பகலில் கண்ணில்கூடப் படாது. இரவு எட்டு மணிக்குமேல் விளக்கைத் தணித்துவிட்டு வேடிக்கை பார்க்கப் பொறுமை இருப்பவருக்குத்தான் இந்தப் பல்லி. சிறு குழந்தைகளுக்கான பரிசாக இது பொருந்தாது. ஊர்வனவற்றின் எச்சத்தில் சால்மொனெல்லா இருக்கலாம். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

ஒன்றோடு நிறுத்துவதே உசிதம். இரண்டு ஆண்கள் கடித்துக்கொள்ளும். ஆணும் பெண்ணும் சேர்ந்தால் நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை இரண்டு முட்டைகள் வரும். பெண் ஆணின் விந்தணுக்களை உடலுக்குள் சேமித்து வைப்பதால், பிரித்த பிறகும் பல மாதம் வரும். ஒவ்வொரு முட்டையும் தாயின் கால்சியத்தைக் கரைக்கிறது. பொரிக்கும் குட்டிகளுக்கு இடம் தேடும் வேலை வேறு.

நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15 முதல் 20 ஆண்டுகள் வாழும். பல்லியின் விலையைவிடப் பெட்டிக்கு அதிகம் செலவாகும். அதைவிட அதிகமாக, கோடைதோறும் மின்சாரத்துக்கு. அதனால் வரிசையை மாற்றிச் செய்யுங்கள். முதலில் பெட்டியை வாங்கி, செடி நட்டு, அதிகபட்ச, குறைந்தபட்ச அளவுகளைப் பதிந்துகாட்டும் டிஜிட்டல் வெப்பமானியை உள்ளே வைத்து, ஆண்டின் மிகச் சூடான இரண்டு வாரங்கள் காலியாகவே ஓட விடுங்கள். மாலைத் தெளிப்பையும் தவறாமல் செய்யுங்கள். அதிகபட்ச அளவு 27-ஐத் தாண்டாமல் நின்றால் குட்டியை எடுத்துவரலாம். தினமும் 29, 30 என்று காட்டினால் அந்தப் பெட்டியைச் செடிகளோடு அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். செடிகளாவது நன்றாக வளரும்.